முதல் எலக்ட்ரானிக் டிரம்ஸ்: பெடலைப் பார்த்து வாங்குங்கள்

3 மார்ச் 2024, ஒரு வாசகரின் கேள்வி

"மகளுக்குப் பதினோரு வயது. டிரம்ஸ் கற்றே தீருவேன் என்று ஒரே பிடி. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. எலக்ட்ரானிக் கிட் வாங்கினால் ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிக்கலாம், வெளியே சத்தமே வராது என்று கடையில் சொன்னார்கள். கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது. ஒன்றில் 400 டோன், இன்னொன்றில் 200 டோன், விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை வாங்கலாம் அண்ணா? எலக்ட்ரானிக்கில் பழகினால் நிஜ டிரம்ஸ் கைக்கு வராது என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். உண்மையா?"

3 மார்ச், இரவு 10.40

டோன் கணக்கை விட்டுவிடுங்கள். மாட்யூலில், அதாவது அடியை ஒலியாக்கும் பெட்டியில், எத்தனை டோன் இருந்தாலும் முதல் வருடம் பிள்ளை வாசிக்கப்போவது ஒரே ஒரு டோன் தொகுப்பைத்தான். வாங்கிய வாரம் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பாள். பிறகு ஒன்றில் நின்றுவிடுவாள். நிற்கவும் வேண்டும்.

கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது தரையில் இருக்கிறது. வலது காலால் பெரிய டிரம்மை அடிக்கும் கிக் பெடல் எப்படி, இடது காலால் சிம்பல் ஜோடியைத் திறந்து மூடும் ஹை-ஹேட் பெடல் எப்படி. கையைப் பழக்குவதற்குக் கிட் தேவையே இல்லை. ரப்பர் ஒட்டிய ஒரு பிராக்டிஸ் பேடும் ஒரு ஜோடிக் குச்சியும் இருந்தால் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. காலைப் பழக்க அவ்வளவு மலிவான வழி கிடையாது. மிதித்தால் பீட்டர் (பெடலின் சுத்தி) போய்த் தொடும் கணம், ஸ்பிரிங் பாதத்தைத் திருப்பி ஏற்றும் வேகம், இடது காலை லேசாகத் தூக்கினால் ஹை-ஹேட் எவ்வளவு திறக்கிறது, இதெல்லாம் பெடல் இருந்தால்தான் உடம்பில் ஏறும். ஆகவே கிட் வாங்குவது முதலில் காலுக்காக. நான் சொல்லப்போகிற மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சத்தம் பற்றி நாளை எழுதுகிறேன். கடையில் சொன்னதில் பாதிதான் சரி.

4 மார்ச், காலை

சத்தம் இரண்டு வழியாகப் போகிறது. காற்று வழியாக ஒன்று, கட்டடம் வழியாக ஒன்று. காற்று வழியாகப் போவதை எலக்ட்ரானிக் கிட் உண்மையிலேயே வெகுவாகக் குறைத்துவிடும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் குச்சி ரப்பரில் தட்டுகிற டொக் டொக் மட்டும் கேட்கும். கதவைச் சாத்தினால் அதுவும் அடங்கிவிடும்.

கட்டடம் வழியாகப் போவதுதான் வம்பு. கிக் பெடலை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஒரு குத்து தரைக்கு இறங்குகிறது. கான்கிரீட் தளம் அதை அப்படியே கீழ்வீட்டுக் கூரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாசிப்பவருக்கு ஹெட்போனில் அழகான பீட். கீழே இருப்பவருக்கு இசை ஒன்றும் கிடையாது, தலைக்கு மேல் தொம் தொம் மட்டும். நான் வடசென்னையில் குடியிருந்த வீட்டில், கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "தம்பி, ராத்திரியில அம்மிக்கல்ல உருட்டுறீங்களா?" என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமான சந்தேகம். அன்றைக்கே அவர்கள் வீட்டுக் கூடத்தில் போய் நின்று, என் தம்பியை மேலே வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர்கள் சொன்னதுதான் சரி.

பாய், கம்பளம், யோகா மேட் எதைப் போட்டாலும் இந்தத் தாழ்ந்த அதிர்வு பெரிதாகக் குறையாது. அவை உச்ச சுருதி ஒலியைத்தான் மழுக்கும். என்ன செய்யலாம் என்பது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: கிட் வாங்குவதற்கு முன்னால் கீழ்வீட்டுக்காரரிடம் போய்ப் பேசிவிடுங்கள். எந்த நேரத்தில் வாசித்தால் தொந்தரவு இல்லை என்று அவரே சொல்லட்டும்.

4 மார்ச், மாலை

அவசரக் குறிப்பு. ஹெட்போன் ஒயர் உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போனில் அடித்ததற்கும் கேட்பதற்கும் நடுவே நூறு, இருநூறு மில்லி விநாடி தாமதம் வரும். படம் பார்க்கும்போது தெரியாது, ஏனென்றால் படத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்திச் சமாளித்துவிடுகிறார்கள். கையை அப்படித் தாமதப்படுத்த முடியாது. பிள்ளை தனக்குத் தாளம் வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

மாட்யூலில் புளூடூத் இருந்தால் அது வேறு உபயோகம். போனிலிருந்து பாட்டை மாட்யூலுக்கு அனுப்பி, பாட்டோடு சேர்ந்து வாசிக்கலாம். பாட்டு எவ்வளவு தாமதமாக வந்தாலும் நீங்கள் கேட்பதும் அதைத்தான், வாசிப்பதும் அதற்குத்தான்.

6 மார்ச்

ஐம்பதாயிரத்தையும் கிட்டுக்கே கொடுத்துவிடாதீர்கள். கிட் நாற்பதுக்குள் முடியட்டும். மீதி ஸ்டூல், காதை மூடுகிற ஹெட்போன், குச்சி, தரைக்கான ஏற்பாடு. பெட்டிக்குள் ஸ்டூல் பெரும்பாலும் வராது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து டிரம்ஸ் பழகக் கூடாது, முதுகு போய்விடும். உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல்தான் வேண்டும். வளருகிற பிள்ளைக்கு இன்னும் அவசியம்.

எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள், பெயர் சொல்கிறேன். அலெசிஸ் நைட்ரோ மேக்ஸ் 2023-ல் வந்தது. ஸ்நேர் (முன்னால் இருக்கும் முக்கிய டிரம்) 10 அங்குலம், டாம்கள் (அதைச் சுற்றியுள்ள டிரம்கள்) 8 அங்குலம், எல்லாம் மெஷ், அதாவது வலைத்துணி. கிக்குக்குத் தனியாக நிற்கிற மெஷ் பேட் இருக்கிறது, மிதிக்கிற பெடலும் பெட்டியிலேயே வரும். இதற்கு முந்தைய நைட்ரோ மெஷ்ஷில் ஸ்நேரும் 8 அங்குலம்தான். அந்த இரண்டு அங்குலம் சின்னக் கைக்கும் தெரியும், பெரிய கைக்கு ரொம்பவே தெரியும்.

யமஹாவில் டிடிஎக்ஸ்402 வரிசை. பேட்கள் ரப்பர். 402கே மாடலில் கிக்குக்குப் பீட்டரே கிடையாது, அழுத்தினால் டோன் வரும் பெடல். 432கே, 452கே இரண்டிலும் நிற்கிற கிக் பேடும் நிஜப் பெடலும் உண்டு. இந்த வரிசை மாட்யூலில் உள்ள பயிற்சி வசதிகள் நல்லவை. மெட்ரோனோமோடு சேர்த்து, அடி முந்துகிறதா பிந்துகிறதா என்று காட்டிக்கொடுக்கும்.

ரோலண்டில் டிடி-07கேவி உங்கள் தொகையைத் தாண்டும். கிக் பெடலையும் தனியாக வாங்க வேண்டும். பலர் பெட்டியைப் பிரித்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, நான் எழுதி வைப்பதில் பயனில்லை. கடைக்கு மகளைக் கூட்டிப் போங்கள். உட்கார வைத்து, இரண்டு பெடலும் எட்டுகிறதா, தொடை இடுப்பிலிருந்து லேசாகக் கீழ்நோக்கிச் சரிகிறதா என்று பாருங்கள். அது எட்டாத கிட் எவ்வளவு நல்லதானாலும் இப்போதைக்கு வேண்டாம்.

7 மார்ச், இரவு

எலக்ட்ரானிக்கில் பழகினால் நிஜ டிரம்ஸ் வராது என்று உங்கள் தம்பி சொல்வது பற்றி.

எலக்ட்ரானிக்கில் தொடங்கி நிஜ கிட்டில் நன்றாக வாசிக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தம்பி காரணமில்லாமல் சொல்லவில்லை. எலக்ட்ரானிக்கில் மட்டுமே இருந்துவிட்டால் சில விஷயங்கள் கிடைக்காமலே போகும். நிஜ ஸ்நேர் பெரும்பாலும் 14 அங்குலம். நடுவில் அடித்தால் ஒரு நாதம், ஓரத்தில் அடித்தால் வேறு நாதம், விளிம்பையும் தோலையும் ஒரே நேரத்தில் தொட்டால் அறையே அதிரும். ரைடு என்ற பெரிய சிம்பலில் குச்சி நுனி நகர நகர ஒலி மாறிக்கொண்டே போகும். விலை குறைந்த பேடுக்குள் இருப்பது ஒரு பீசோ சென்சார். எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று அதற்குத் தெரியும், எங்கே அடித்தீர்கள் என்று பெரும்பாலும் தெரியாது. சென்சார் நேர் நடுவில் இருந்தால் நடுவில் அடிக்கும் அடி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. நிஜ கிட்டில் சிம்பல் எவ்வளவு சத்தம், பாடுகிறவர் குரலை அது எப்படி விழுங்கும் என்பதெல்லாம் ஹெட்போனுக்குள் தெரியாது. நான் பாளையங்கோட்டையில் சர்ச்சில் வாசித்துத் தொடங்கியவன். கொயர் மாஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தால் கை தானாகத் தணியும். அந்தத் தணிவுதான் பாதி வாசிப்பு.

வழி இருக்கிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம்கள் (இசைக் குழுக்கள் பயிற்சி செய்யும் அறைகள்) சென்னையில் இருக்கின்றன. மாதம் ஒருமுறையாவது நிஜ கிட்டில் உட்கார வையுங்கள். வீட்டில் தினமும் எலக்ட்ரானிக், அங்கே அவ்வப்போது நிஜம். தினமும் அரை மணி உட்கார ஒரு கிட் வீட்டில் இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

9 மார்ச்

கிட் வருவதற்கு முன்பே தொடங்குங்கள். பேட், குச்சி, போனில் இலவச மெட்ரோனோம். இது போதும்.

குச்சி: பதினோரு வயதுக்கு 7ஏ. மெலிதாக, இலேசாக இருக்கும். பெரியவர்களுக்கு 5ஏ, சுமார் 14 மில்லிமீட்டர் தடிமன், 16 அங்குல நீளம். இரண்டு குச்சியையும் ஒரு மேசைமேல் உருட்டிப் பாருங்கள், வளைந்தது தள்ளாடும். பிறகு ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். ஜோடியின் இரண்டும் ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும்.

முதலில் ஒற்றை அடி: வலது, இடது, வலது, இடது. மெட்ரோனோம் 60-ல். ஒவ்வொரு டிக்குக்கும் ஓர் அடி, பிறகு இரண்டு, பிறகு நான்கு. நான்கு அடிக்கு நான் பிள்ளைகளைத் "தகதிமி" சொல்ல வைக்கிறேன், மூன்று அடிக்குத் "தகிட". வாய் சொல்வதைக் கை செய்யும். எண்ணிக்கொண்டே அடிக்கத் திணறுகிற பிள்ளைகள்கூடச் சொற்கட்டில் ஏறிவிடுகிறார்கள்.

பிறகு பாரடிடில். வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இது வந்துவிட்டால் எந்தக் கையில் தொடங்கினாலும் மற்றக் கைக்கு மாறிப் போகும் வழி கைக்குத் தெரிந்துவிடும். மெதுவாக. ஒலி இரண்டு கையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். இடது கை எங்கே வருகிறது என்று காதால் பிரித்தறிய முடிகிறவரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

10 மார்ச்

பீட்டர் இல்லாத கிக் பெடலை நான் குறைத்துச் சொல்வதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் மூன்றாவது மாடியில் இருக்கிறார், கீழே கைக்குழந்தை உள்ள வீடு. யோசித்துப் பார்த்தால் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பீட்டர் பேடை அடிக்கும் குத்து அந்தப் பெடலில் இல்லை, அதனால் தரைக்குப் போவதும் குறைவு. ரோலண்டின் கேடி-10 (KT-10) மாதிரி, மடங்கிய பீட்டரை உள்ளேயே வைத்து, நிஜப் பெடலின் எடையையும் திரும்புதலையும் ஓரளவு தருகிற வகையும் உண்டு. விலை அதிகம், கால் நன்றாகப் பழகும். வெறும் சுவிட்ச் மாதிரி இருப்பதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

ஆக, என் கருத்தை இப்படித் திருத்தி வைக்கிறேன். தரைத்தளம், தனி வீடு என்றால் பீட்டரோடு வாங்குங்கள். மாடி வீடு, கீழே சமரசத்துக்கு வழியே இல்லை என்றால் பீட்டர் இல்லாமல் வாங்கி, ஜாம் ரூமுக்கு அடிக்கடி போங்கள். தினமும் வாசிக்க முடிகிற சுமாரான பெடல், வாரத்துக்கு ஒருமுறை பயந்து பயந்து வாசிக்கிற நல்ல பெடலைவிட மேல்.

15 மார்ச்

"கிட்டுக்குப் பதில் ஆக்டோபேட் வாங்கினால் என்ன? இடமும் மிச்சம், கச்சேரிக்கும் போகலாம்." கோவையிலிருந்து.

ஆக்டோபேட் என்பது எட்டுப் பேட்கள் உள்ள, குச்சியால் வாசிக்கும் ஒரே பெட்டி. இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பேட் வாசிப்பவருக்கு இருக்கும் மரியாதை அப்படி. ரோலண்ட் முதல் ஆக்டோபேடை, அதாவது பேட்-8 மாடலை, 1985-ல் கொண்டுவந்தது. பின்னால் வந்த எஸ்பிடி-20 நம் மேடைகளில் வேரூன்றிவிட்டது. தபேலா டோனிலிருந்து டிரம்ஸ் வரை ஒரே பெட்டியில், ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோகலாம். நானும் திருமணக் கச்சேரிகளில் வாசித்திருக்கிறேன், எனக்கு அதன்மேல் ஆசை உண்டு.

ஆனால் அது வேறு வாத்தியம். கிக்கையும் கையாலேயே அடிப்பார்கள். இரண்டு கையில் நாலு பேர் வேலையைப் பங்கிட்டுச் செய்கிற வித்தை அது, அதற்கென்று தனித் திறமை வேண்டும். அதில் பல வருடம் வாசித்துப் பெயர் வாங்கியவரை டிரம் கிட்டில் உட்காரச் சொன்னால் கால் இரண்டும் சும்மா இருக்கும். பேடில் கிக் பெடலும் ஹை-ஹேட் பெடலும் இணைக்கத் துளைகள் இருக்கின்றன. டிரம்ஸ் கற்பதுதான் நோக்கம், இடம்தான் பிரச்சினை என்றால், பேடோடு அந்த இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

16 மார்ச்

நேற்று எழுதியதிலிருந்து மனம் இதிலேயே சுற்றுகிறது.

டிரம் கிட் என்ற வாத்தியமே காலால்தான் பிறந்தது. அதற்கு முன் அமெரிக்க, ஐரோப்பியக் குழுக்களில் பெரிய டிரம்மை ஒருவர் அடிப்பார், ஸ்நேரை ஒருவர், சிம்பலை இன்னொருவர். நாடகக் கொட்டகையில் இடமும் இல்லை, மூன்று பேருக்குக் கூலி கொடுக்கக் காசும் இல்லை. பெடல் செய்ய பலர் முயன்றார்கள். சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் 1909-ல் வேகமாக மிதிக்கக்கூடிய ஒரு பெடலைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் கம்பெனியே அதிலிருந்துதான் எழுந்தது. ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்க முடிந்தது. ஹை-ஹேட் 1920-களில் வந்தது. முதலில் தரையோடு தாழ்வாக, காலால் மட்டும் தட்டுகிற சிம்பல் ஜோடி. பிறகு குழாயை உயர்த்தி, குச்சிக்கும் எட்டுகிற உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் தாள வாத்தியங்களில் எல்லாம் கைதான். மிருதங்கம், தவில், கஞ்சிரா, கடம், பறை, எதிலும் காலுக்கு அடிக்கிற வேலை இல்லை. என்னிடம் வந்த ஒரு பையன் மிருதங்கம் பழகியவன். அவனுடைய விரல் கணக்குக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கோர்வை போட்டுச் சமத்தில் வந்து நிற்பான். ஆனால் வலது கை ஹை-ஹேட்டில் எட்டு அடி, ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் என்ற சாதாரண பீட்டில், கிக் மிதிக்கும்போதெல்லாம் அவன் இடது கையும் சேர்ந்து இறங்கியது. கைக்கும் காலுக்கும் நடுவே அவன் உடம்பில் பிரிவே இல்லை. கையை முழுக்க நிறுத்திவிட்டு, காலை மட்டும் ஆதி தாளத்தில் நடக்க வைத்தேன். வலது கால் தாளம், வாயில் சொற்கட்டு. பிறகு ஹை-ஹேட் காலைச் சேர்த்தோம். கையைக் கடைசியில்தான் விட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டான்.

கிட் வந்ததும் உங்கள் மகளுக்கும் இந்த வரிசையைத்தான் சொல்வேன். காலும் வாயும் முதலில்.

24 மார்ச்

மெஷ்ஷா ரப்பரா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

1981-ல் வந்த சிம்மன்ஸ் கிட்டின் அறுகோணப் பேட்களைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். மேல்பக்கம் கெட்டியான பிளாஸ்டிக். அடிக்கிற அடி அப்படியே மணிக்கட்டுக்குத் திரும்பி வரும், வாசித்தவர்கள் வலியால் அவதிப்பட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1997-ல் ரோலண்டின் டிடி-10 வலைத்துணி மெஷ்ஷோடு வந்தது. மணிக்கட்டுக்கு அதைவிட இதமானது கிடையாது, சத்தமும் குறைவு. இழுவிசையைக் கூட்டிக் குறைக்கலாம். கூட்டினால் குச்சி துள்ளும், சுதி மாறாது.

மெஷ் வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். மெஷ் அதிகமாகத் துள்ளும், டபுள் ஸ்ட்ரோக் ரோல் (ஒவ்வொரு கையாலும் இரண்டிரண்டாக அடித்து உருட்டுவது) தானாக வருவதுபோல் இருக்கும். குச்சி தானே குதிக்கிறது, விரல் வேலை செய்யவில்லை. நிஜ ஃப்ளோர் டாமில், அதாவது தரையில் நிற்கும் பெரிய டாமில் போய் அதே ரோலைப் போட்டால் சேறாகிவிடும். அதனால் கிட் வந்த பிறகும் பிராக்டிஸ் பேடை அலமாரியில் போட வேண்டாம். ரப்பர் பேட் கிட் வாங்கியவர்கள் வருந்தவும் வேண்டாம். கையை நன்றாகவே உழைக்க வைக்கும், வருடக்கணக்கில் தாங்கும்.

2 ஏப்ரல்

கிட் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்கிற கிக் பேடும் பெடலும் உள்ளதை எடுத்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

முதல் நாள் செய்ய வேண்டியது மாட்யூலின் அமைப்புகளுக்குள் போவது. சென்சிடிவிட்டி என்று இருக்கும். கடையிலிருந்து வரும் நிலையில் பல கிட்களில் பலமாக அடித்தால்தான் ஸ்நேர் முழுசாகக் கேட்கும். பிள்ளை பலமாக அடித்தே பழகிவிடுவாள். சென்சிடிவிட்டியைக் கொஞ்சம் ஏற்றி, அவள் இயல்பாக அடிக்கும் அடி நடுத்தரமாகவும், மெதுவான தொடுகையும் காதில் விழும்படியும் வையுங்கள். ஒரு டாமை அடித்தால் பக்கத்து சிம்பலும் ஒலித்தால் அது கிராஸ்டாக். ராக்கில் (பேட்களைத் தாங்கும் சட்டம்) அதிர்வு பரவுவதுதான் காரணம். முதலில் திருகுகளை முடுக்குங்கள், அதற்கும் அடங்காவிட்டால் அமைப்பில் மாற்றுங்கள்.

ஹெட்போன் அளவு. இதைச் சிரித்துக்கொண்டு கடந்துவிடாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் போனால் கால் மணி நேரம்தான். உற்சாகம் ஏற ஏற வாசிப்பவர் கை தானாக வால்யூமுக்குப் போகும். குமிழில் ஒரு புள்ளியைப் பெயிண்டால் குறித்து, அதைத் தாண்டக் கூடாது என்று வீட்டு விதியாக்குங்கள்.

13 ஏப்ரல்

52 வயதுக்காரர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார், இப்போது தொடங்கலாமா என்று. பொதுவில் சொல்வது நல்லது என்பதால் இங்கே.

தொடங்குங்கள் சார். பெரியவர்களுக்கு ஒரு நன்மை உண்டு: மெதுவாக வாசிக்கச் சொன்னால் மெதுவாக வாசிப்பார்கள். முழங்காலோ முதுகோ தொந்தரவு என்றால் குதிகாலைப் பெடலிலேயே வைத்து, கணுக்காலால் மிதியுங்கள். சத்தம் குறையும், கட்டுப்பாடு கூடும். ஸ்டூலைச் சற்று உயர்த்தி, இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்கும்படி உட்காருங்கள். ஆசைப்பட்ட பாட்டு ஒன்றை முதல் மாதமே எடுத்துக்கொள்ளுங்கள், ஃபில் (நடுவே போடும் அலங்கார அடி) எதுவும் வேண்டாம், பீட் மட்டும் கடைசிவரை நிற்காமல். நாலு நிமிடம் நிற்காமல் வாசிப்பது கேட்கத்தான் எளிது.

28 ஏப்ரல்

தரை விஷயம், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கேள்வி கேட்டவர் வீட்டில் கீழே இருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டார்களாம், அதனால் விவரமாக.

தத்துவம் இதுதான். கனமான பலகை மேலே, மெத்தென்ற ஸ்பிரிங் கீழே. குத்து பலகையை அசைக்கும், தரைக்குப் போவதற்குள் ஸ்பிரிங் அதை வாங்கிக்கொள்ளும். பலகை எவ்வளவு கனமோ, ஸ்பிரிங் எவ்வளவு மெதுவோ, அவ்வளவு நல்லது. உலகம் முழுக்க டிரம்மர்கள் இதற்கு டென்னிஸ் பந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் தெருவில் கிரிக்கெட் ஆடித் தேய்ந்த மொட்டைப் பந்து போதும், ஆனால் எல்லாம் ஒரே அளவு மெதுவாக இருக்க வேண்டும்.

இரண்டு பிளைவுட் பலகை. கீழே 12 மில்லிமீட்டர், மேலே 18. கீழ்ப்பலகையில் தச்சரிடம் ஐந்து சென்டிமீட்டர் வட்டத் துளைகள் போட்டு வாங்குங்கள். பந்து ஆறரை சென்டிமீட்டர் சுமார், துளையில் உட்காரும், விழாது. பெடல்களும் ஸ்டூலும் வரும் இடத்தில் துளைகள் நெருக்கமாக, மற்ற இடத்தில் பரவலாக. மேல்பலகையை அப்படியே வைத்து, அதன்மேல் பழைய ஜமக்காளம். வாசிப்பவரும் அந்தப் பலகைமேல்தான் உட்கார வேண்டும், அவர் எடையும் சேர்ந்துதான் வேலை செய்யும். பலகை சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் சுவர் வழியாக இறங்கிவிடும், செலவெல்லாம் வீண்.

பலகை அடிக்க இடமில்லை என்றால் ரோலண்டின் நாய்ஸ் ஈட்டர் என்று பெடலுக்குக் கீழே வைக்கும் தட்டு விற்கிறது. ரப்பர் குமிழ்கள்மேல் நிற்கும். நல்ல பொருள், விலைதான் கடிக்கும்.

வேலை முடிந்ததும் கீழ்வீட்டுக்குப் போய் நின்று கேளுங்கள். மகளை மேலே வாசிக்கச் சொல்லி, நீங்கள் கீழே.

11 மே

செகண்ட் ஹேண்ட் பற்றித் திருச்சியிலிருந்து. விடுமுறையில் விற்க வருகிறவர்கள் அதிகம், நல்ல சமயம். போகும்போது சொந்த ஹெட்போனும் குச்சியும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பேடையும் மெதுவிலிருந்து பலமாக ஏறு வரிசையில் அடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் திடீரென்று குதித்தால் சென்சாருக்குமேல் இருக்கும் ஃபோம் கூம்பு நைந்திருக்கும். ஒரே அடிக்கு இரண்டு ஒலி வந்தாலும் அதே சந்தேகம். சிம்பலை அடித்து விளிம்பைப் பிடித்தால் ஒலி நிற்க வேண்டும். ஹை-ஹேட் பெடலை மிக மெதுவாக மூடிக்கொண்டே தட்டுங்கள், திறந்த ஒலியிலிருந்து மூடிய ஒலிக்குப் படிப்படியாக மாற வேண்டும். கேபிளை அசைத்துப் பாருங்கள். அடாப்டர் அதனுடையதா என்று எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர ஊரிலிருந்து வருவது என்றால் ராக் கிளாம்புகளில் துரு.

ஃபோம் கூம்பு மலிவு, மாற்றிவிடலாம். உடைந்த ஹை-ஹேட் கண்ட்ரோலர் உள்ள கிட்டை விட்டுவிடுங்கள்.

9 ஜூன்

பலகை வேலை செய்கிறதாம். கீழ்வீட்டில் சாயங்காலம் ஆறு முதல் ஏழு வரை சம்மதம் கிடைத்திருக்கிறது. நல்ல சேதி.

புதுக் கேள்வி: மகள் இடது கைப் பழக்கம். கிட்டை மாற்றிப் போடலாமா?

எலக்ட்ரானிக்கில் மாற்றிப் போடுவது அரை மணி வேலை. பேட் கைகளைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டி, பெடல்களை இடம் மாற்றினால் போதும். பில் காலின்ஸ் அப்படி இடது கைக் கிட்டில்தான் வாசித்தார். ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர், வலது கைக் கிட்டிலேயே வாசித்தார். இரண்டும் சரியான வழிதான்.

எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு. பள்ளியில், சர்ச்சில், ஜாம் ரூமில், எங்கே போனாலும் இருப்பது வலது கைக் கிட். அடுத்தவர் காத்திருக்கும்போது அதைக் கழற்றி மாட்ட நேரம் தரமாட்டார்கள். அதனால் கிட்டை மாற்றாமல், கைகளைக் குறுக்கே போடாமல், இடது கையாலேயே ஹை-ஹேட்டையும் வலது கையால் ஸ்நேரையும் வாசிக்க விட்டுப் பாருங்கள். வலது கை டாம்களுக்குச் சுதந்திரமாகப் போகும். கிக் மட்டும் வலது காலில். அவளுக்கு எந்தக் கால் பலமானது என்று முதலில் பாருங்கள். பந்தை எந்தக் காலால் உதைக்கிறாள்? வலது என்றால் கிட்டைத் தொடவே வேண்டாம். இடது என்றால் இரண்டு வாரம் இரண்டு விதமாகவும் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், அவள் காலே சொல்லட்டும். எது என்று இங்கே எழுதுங்கள், அதற்கேற்ற பயிற்சிகளை அடுத்துப் போடுகிறேன்.